‘நீ’யைப் பார்த்துப் போடு

பெரம்பலூரில் நாங்கள் பேஸ்கட்பால் ஆடும் மைதானத்தில் கம்பம் இரண்டு, ரிங் ஒன்று. தெற்குக் கம்பத்தின் பலகை முன்னொரு ஆடியில் காற்றோடு புறப்பட்டுப் போய், கிழக்கே இருந்த மக்காச்சோளக் கொல்லையில் படுத்துக்கொண்டது. எடுத்துவரப் போனபோது கொல்லைக்காரர் அதைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கியிருந்தார். கோழியோடு நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டோம். அன்றிலிருந்து எங்களுடையது பாதி மைதான ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர், இரு அணிக்கும் ஒரே ரிங். கோட்டுக்கு உள்ளேயிருந்து போட்டால் ஒரு புள்ளி, வெளியிலிருந்து போட்டால் இரண்டு. நல்லவேளையாக அப்படியோர் ஆட்டம் உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் நாங்கள் கண்டுபிடித்திருப்போம்.

அந்த மூன்று பேரில் நான் ஒருவன். டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை பார்த்து, பவர் சொல்லி, கண்ணாடி போட்டுக் கொடுப்பது தொழில். கண்ணுக்கு முன்னால் ஒரு சில்லை வைத்து, அப்புறம் இன்னொன்றை வைத்து, “இது தேவலையா, முன்ன இருந்தது தேவலையா?” என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். நிதானம் வேண்டிய வேலை. என்னிடம் அதுதான் கிடையாது. உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் அதன்மேல் நிற்கும் எழுத்துப் பலகை ஆடும். ஒருமுறை பெரியவர் ஒருவர் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, கடைசி வரி நடுங்குதே, ஆபரேசன் பண்ணணுமா?” என்று கவலையோடு கேட்டார். “உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு, என் காலுதான் சரியில்ல” என்று சொல்லிச் சமாளித்தேன். என் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் மணவறையே இலேசாக அதிர்வதைப் பார்க்கலாம். பெண் வீட்டார் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, அடக்கமான பையன் என்று முடிவுகட்டினார்கள்.

பந்து கைக்கு வந்தால் மட்டும் அந்தக் கால் நின்றுவிடும். கோட்டுக்கு வெளியே, ரிங்குக்கு நேர் எதிரே நின்று, பந்தை நெற்றிக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறேன் பாருங்கள், அப்போது உடம்பில் எதுவும் அசையாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் பகலெல்லாம் கடையில் காலாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லலாம்.

மற்ற இருவரில் ஒருவன் எங்கள் கேப்டன், என்னோடு படித்தவன், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆட்டத்திலும் கண்டக்டர்தான். நாங்கள் கோட்டுக்கு வெளியேயே நின்று தூரத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தால், “உள்ள போ, உள்ள போ, ஏன் படியிலயே தொங்குற?” என்று கத்துவான். இன்னொருவன் அரும்பாவூர்க்காரன், சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. எங்களில் நெட்டையன் அவன். கையைத் தூக்கினால் ரிங்கின் வலையைத் தொடுவான். உள்ளே போவது அவன் வேலை, வெளியிலிருந்து போடுவது என் வேலை, இரண்டு பேரையும் திட்டுவது கேப்டன் வேலை.

இனி காற்று. ஆனியிலேயே கிளம்பிவிடும், ஆடியில் பேய்பிடித்த மாதிரி அடிக்கும். மேற்கே பச்சைமலைப் பக்கமிருந்து வருகிற வேகத்தில் என் கடை வாசலில் நிற்கும் பெரிய கண் படம் போட்ட பலகை ஒவ்வோர் ஆடியிலும் பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வரும். எங்கள் ரிங் வடக்கே இருக்கிறது. ரிங்கைப் பார்த்து நின்றால் காற்று இடமிருந்து வலமாக வீசும். நேராகப் போட்ட பந்தை வழியிலேயே மடக்கி வலது பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நாங்கள் நேராகப் போடுவதில்லை. ரிங்குக்கு இடது பக்கம் குறிவைத்துப் போடுவோம், காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எவ்வளவு இடது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். ரிங்குக்குப் பின்னால், இடது பக்கமாக, உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் வயிற்றில் ஆளுயர நீல எழுத்தில் ‘குடிநீர்’ என்று எழுதியிருக்கும். காற்று இலேசாக இருந்தால் ரிங்குக்கு ஒட்டினாற்போலத் தெரிகிற ‘ர்’ஐப் பார்த்துப் போட வேண்டும். வழக்கமான ஆடிக் காற்றுக்கு ‘நீ’. கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிற காற்றுக்கு ‘டி’. ‘கு’வைப் பார்க்க வேண்டிய காற்று என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீக்கடைக்குள் ஒதுங்கிவிடுவோம்.

ஆட்டம் தொடங்குமுன் கேப்டன் துண்டின் நுனியைத் தூக்கிப் பிடிப்பான். அது எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, “இன்னிக்கி ‘நீ’ மாப்ள” என்பான். நடுவில் காற்று கூடினால், “டி! டி!” என்று கத்துவான். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. “நீ!” என்று அவன் கூவியதும் தங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குள் நான் போட்டுவிடுவேன்.

இப்படித்தான் அந்த ஆடியில் வட்டாரப் போட்டியின் லீக் ஆட்டங்களை எங்கள் மைதானத்திலேயே ஆடி வரிசையாக ஜெயித்தோம். வந்தவர்கள் பச்சைப்பிள்ளைகள் மாதிரி ரிங்கைப் பார்த்துப் போட்டார்கள். அவர்கள் பந்து ரிங்கை நோக்கிப் புறப்படும், பாதி வழியில் மனசு மாறி மக்காச்சோளத்தைப் பார்க்கப் போய்விடும். எங்கள் பந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவதுபோலப் போய், கடைசியில் வளைந்து ரிங்குக்குள் இறங்கும். இதில் காற்றுக்கு ஏதும் பங்கு இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. எல்லாம் எங்கள் திறமை என்றே நம்பினோம். கடைக்கு வருகிறவர்களிடம் கண்ணைப் பரிசோதிக்கும்போதே என் வீச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சில்லு மாட்டிய சட்டத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்ட மனிதர் எங்கே ஓடுவார்?

ஓட வழியிருந்தும் ஓடாதவள் என் மனைவி ஒருத்திதான். சாயங்காலம் கடையில் கூட்டம் சேருகிற நேரத்தில் நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட, கல்லாவிலும் கண்ணாடி அலமாரியிலும் தனியாக நின்று சமாளிப்பவள் அவள். அது போதாதென்று என் வலது முட்டி வேறு. போன வருஷம் வீங்கியதைக் காட்டப் போனபோது எலும்பு டாக்டர், “ஆடலாம், ஆனா அப்புறம் நடக்கணும்னு ஆசைப்படக் கூடாது” என்று சொல்லியிருந்தார்.

லீக் முடிந்த அன்று முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, இதப் பாருங்க. பம்ளிமாஸ் கணக்கா வீங்கிக் கெடக்கு.”

“தைலம் போட்டா சரியாயிரும்.”

“தைலம் போடுறது நானு. சரியானத நான் இன்னும் பாக்கல.”

என் இன்னொரு கால் ஆடத் தொடங்கியது. அவள் அதையும் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு பண்ணலாம். அரையிறுதில ஜெயிச்சீங்கன்னா அடுத்த வருசமும் ஆடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். தோத்தீங்கன்னா ஷூ பரணுக்குப் போயிரணும். அதோட மேட்சு கிடையாது. சம்மதமா?”

“யாரோட ஆட்டம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தம்பி போன் பண்ணான். அரியலூர்ல, அவங்க டீமோடதானாம்.”

அவள் பிறந்த ஊர் அரியலூர். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், அந்த ஊர் அணியில் ஆடுகிறவன். மாமியார் ஊரில், மாமியார் பார்க்க, மச்சினனோடு அரையிறுதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அது நான் போட்ட எல்லாமே உள்ளே விழுந்துகொண்டிருந்த காலம். “சம்மதம்” என்று சொல்லிவிட்டு, கழற்றிப் போட்ட காலுறையைச் சுருட்டி அழுக்குக்கூடையைப் பார்த்து எறிந்தேன். அது கூடைக்கு இடது பக்கம் போய் விழுந்தது. அப்போதே யோசித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் கேப்டன் பயணியாக வந்தான். பழக்கதோஷத்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் எழுந்து, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கூட்டத்தை நகர்த்தினான். அந்த பஸ்ஸின் உண்மையான கண்டக்டர் அவனை முறைத்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவதும் உட்காருவதுமாக வந்தேன்.

ஆட்டம் மூன்று மணிக்குத்தான். மாமியார் விடவில்லை. “ஆடிக்கி வந்த மாப்ளய வெறும் வயித்தோட அனுப்பிட்டான்னு ஊரு என்னைப் பேசணுமா?” என்று இலை போட்டுவிட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு. மச்சினன் எனக்கு எதிரே உட்கார்ந்து தட்டில் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு பரிமாறலை மேற்பார்வை பார்த்தான்.

“அம்மா, மாமா இலையில குழம்பு கொறையுது பாரு.”

“போதும்டா.”

“கூச்சப்படாதீங்க மாமா. வெளியிலேர்ந்து போடுறவங்களுக்குத் தெம்பு வேணும்.”

என்னைக் கொல்வதற்கு அவன் கோழியை ஏவிவிட்டிருக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் சாப்பிட்டேன். குழம்பு அப்படி.

ஆட்டம் நடந்தது ஊருக்கு வெளியே, ஓர் ஆலைக் குடியிருப்பின் உள்ளரங்கத்தில். தூசு வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது, தலைக்கு மேல் தகரக் கூரை. கேப்டன் வழக்கம்போல் துண்டைத் தூக்கிப் பிடித்தான். அது துக்க வீட்டுக்கு வந்ததுபோலத் தொங்கியது.

“என்னடா இது, பொட்டுக் காத்து இல்ல?”

“மண்டபத்துக்குள்ள ஏதுங்க காத்து?” என்றான் மச்சினன். “ஃபேன் போடச் சொல்லட்டுங்களா?”

“காத்து இல்லன்னா இன்னும் சுளுவுதானடா” என்றான் நெட்டையன். மூன்று பேருமே அதை நம்பினோம்.

மாடத்தில் பெஞ்சு போட்டு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் என் மனைவியும் மாமியாரும். ரிங்குக்குப் பின்னால், இடது பக்கமாகச் சுவரில், வெளியே போகும் வழிக்கு ஓர் அம்புக்குறி போட்டு, பச்சையில் ‘வெளியே’ என்று எழுதியிருந்தது.

என் முதல் பந்தை மிகுந்த நம்பிக்கையோடு போட்டேன். உயரமாக எழும்பி, அழகாக வளைந்து, ரிங்கையோ பலகையையோ தொந்தரவு செய்யாமல் நேரே போய் அந்த ‘வெளியே’யில் மோதித் திரும்பியது. முதல் பந்து அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதும் அதே ‘வெளியே’. கேப்டன் ஒன்று போட்டான், அதுவும் அங்கேயே. நெட்டையனுக்கே ஆசை வந்து கோட்டுக்கு வெளியே வந்து ஒன்று போட்டுப் பார்த்தான். அது அம்புக்குறியின் நுனியில் பட்டது.

“கண்ணாடிக்கடைக்காரரே, ரிங்கு தெரியுதுங்களா? பவர் ஏத்திக்குங்க!” என்று மாடத்திலிருந்து ஒரு குரல்.

கேப்டன் பதற்றத்தில் “நீ! நீ!” என்று கத்தத் தொடங்கினான். அங்கே தொட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எங்கள் கை தானாக இடது பக்கம் திரும்பியது. மச்சினன் தன் ஆட்களிடம், “யாரு போடுறதுன்னு அவங்களுக்குள்ளயே தகராறுடா, கண்டுக்காதீங்க” என்றான்.

நாங்கள் தவறத் தவற, கேப்டன் குரலைக் கூட்டினான். “டி! டி! டேய், டி!”

மாடத்தில் ஒரு பெண்மணி எழுந்தே விட்டார். “ஏய்யா, யாரப் பாத்து டி போடுற? பொம்பளைங்க உக்காந்திருக்கறது தெரியல?”

கேப்டன் துண்டை மடித்து அவரைப் பார்த்துக் கும்பிட்டான். அந்த இடைவெளியில் எதிரணி ஒரு புள்ளி எடுத்தது.

அதற்கு அப்புறம்தான் மச்சினன் அந்த வார்த்தையைச் சொன்னான். என்னைக் காவல் காத்து நின்றவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சத்தமாகவே, “மாமாவ விட்டுரு. அவரு வெளியிலேர்ந்து எவ்ளோ வேணாலும் போடட்டும். நீ உள்ள வந்து நெட்டையப் பாத்துக்க” என்றான்.

பேஸ்கட்பால் ஆடாதவர்களுக்கு இதன் வலி புரியாது. தூரத்திலிருந்து போடுகிறவன் முன்னால் ஒருவன் கையை உயர்த்தி நிற்பதுதான் அவனுக்குச் செய்கிற மரியாதை. என் முன்னால் யாருமே நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் ‘நீங்க அப்புறமா உக்காருங்க’ என்று சொல்லப்பட்டவன்போல், அவ்வளவு பெரிய தரையில் பந்தோடு தனியாக நின்றேன். போட்டேன். ‘வெளியே’.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். பந்து கையில் இருக்கிறது, என் வலது கால் ஆடுகிறது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. தோற்றால் ஷூ பரணுக்குப் போய்விடும் என்பதைவிட அது பெரிய பயமாக இருந்தது. இந்த ஆட்டமும் என் காலை நிறுத்தாது என்றால், அப்புறம் எதுதான் நிறுத்தும்?

எங்கள் வட்டாரப் போட்டியில் நடுவில் டீ குடிக்க ஓர் இடைவேளை உண்டு. எதிரணி நல்ல முன்னிலையில் இருந்தது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்து பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். மனைவி மாடத்திலிருந்து இறங்கி வந்தாள்.

“ஏங்க, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டா தப்பாப் போடுறீங்க?”

“எவனாச்சும் பேசி வச்சுக்கிட்டுத் தோப்பானா?”

“இல்ல, ஆளாளுக்குத் தப்பாப் போட்டா ஒண்ணு அந்தப் பக்கம் போவும், ஒண்ணு இந்தப் பக்கம் போவும். உங்களுது எல்லாம் ஒரே பக்கமால்ல போவுது? அம்மாவே கேக்குறாங்க, அந்தச் செவுத்துல அடிச்சாலும் பாயின்ட்டு உண்டான்னு.”

கேப்டன் வாயருகே கொண்டுபோன டம்ளர் அப்படியே நின்றது. நெட்டையன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் தொங்கிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தான்.

“மாப்ள,” என்றான் மெல்ல. “நாம இன்னும் ‘நீ’யப் பாத்துத்தான்டா போட்டுட்டிருக்கோம்.”

காற்றுக்கு விட்டுக் கொடுத்த இடத்தைக் காற்றே இல்லாத இடத்திலும் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அரும்பாவூர்க்காரன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன, நேராகப் போட்டால் போயிற்று. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “தெரிஞ்சிருச்சில்ல, போயி ஆடுங்க” என்றாள். அவள் குரலில் நான் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருந்ததா, அவளுடைய பந்தயம் வீணாகிவிடுமோ என்ற கவலை இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரணம் மண்டைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. இடைவேளை முடிந்து முதல் பந்தை எடுத்தேன். இடது வேண்டாம், இடது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போட்டேன். ரிங்குக்கு வலது பக்கம் ஒரு முழம் தள்ளிப் போனது.

“மாமா இப்ப அந்தப் பக்கமும் பாத்துட்டு வராரு!” என்றான் மச்சினன்.

அடுத்ததில் வலது வேண்டாம் என்று நினைத்தேன். பழைய ‘வெளியே’. மாடத்தில் சிலர் என் பந்துக்கு முன்கூட்டியே “இடது”, “வலது” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடையில் நான் எழுத்துப் பலகையில் குச்சி வைப்பதும் வருகிறவர் சொல்வதும் நினைவுக்கு வந்தது. இங்கே பலகை நானாகிவிட்டேன்.

எங்களைத் தூக்கி நிறுத்தியது நெட்டையன்தான். கேப்டன் அவனை மட்டும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போகிறவன்போல் அவன் தோளால் இடித்து நுழைந்து, ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தான். ஒவ்வொன்றுக்கும் கேப்டன், “அப்டித்தான், உள்ள போ, உள்ள போ!” என்றான். மாடம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தோம்.

பந்து என்னிடம் வந்தது. நான் கோட்டுக்கு வெளியே, ரிங்குக்கு நேர் எதிரே. எனக்கு முன்னால் யாரும் இல்லை. மச்சினனும் மற்ற இருவரும் நெட்டையனைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். நான் ஓரமாக உள்ளே ஓடினால் எளிதாக ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யலாம். இங்கிருந்தே போட்டு விழுந்தால் இரண்டு புள்ளி, ஜெயித்துவிடலாம். ஷூ என்னோடு இருக்கும்.

“உள்ள போடா!” என்று கேப்டன் கத்தினான். “படியில தொங்காத, உள்ள போ!”

“போடட்டும், மாமா போடட்டும்” என்றான் மச்சினன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் திரும்பிப் பார்த்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேனோ என்னவோ. பந்தைத் தூக்கினேன். கால் ஆடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்க்கவில்லை, ரிங்கை மட்டும் பார்த்தேன். இடதும் இல்லை, வலதும் இல்லை. போட்டேன்.

பந்து நேராகப் போனது. அன்று முதல்முறையாக, நூல் பிடித்ததுபோல அவ்வளவு நேராகப் போனது. நேராகப் போவதிலேயே என் கவனமெல்லாம் செலவாகிவிட்டதால், தூரத்தை மறந்துவிட்டேன். ரிங்குக்கு ஒரு கை முன்னாலேயே களைத்துப்போய்க் கீழே இறங்கி, தரையில் தட்டி, மச்சினனின் கையில் போய்ப் பணிவாக உட்கார்ந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. துண்டை என் தோளில் போட்டு, “ஸ்டாப்பிங் வந்துருச்சு மாப்ள, எறங்கு” என்றான்.

மச்சினன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, கடைசிப் பந்து நேரா வந்தப்ப எனக்கு உசுரே போயிருச்சு, சத்தியமா.” மாமியார் மாடத்திலிருந்து இறங்கி வந்து, “பந்துதான மாப்ள, வுடுங்க. வூட்ல குழம்பு இன்னும் இருக்கு” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கால் ஆடியதில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவள் என் முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நானே நாற்காலி போட்டு ஏறி, ஷூவைப் பரணில் பழைய மிக்சிக்குப் பின்னால் தள்ளினேன். இறங்கும்போது நாற்காலி ஆடியது. அதற்கு நான் பொறுப்பில்லை, அந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை.

அப்புறம்தான் வீட்டில் கஷ்டம் ஆரம்பித்தது. சாயங்காலம் வந்தால் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கடையில் இருந்தேன், அலமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன், வருகிறவர்களுக்குத் தேவையில்லாமல் இரண்டு முறை கண் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்கவில்லை. அழுக்குத்துணியைக் கூடைக்கு எறிந்தேன். ரப்பர் பேண்டைக் கொக்கிக்கு எறிந்தேன். உரித்த சின்ன வெங்காயத்தை வாசற்படியில் நின்றபடி அடுப்பிலிருந்த சாம்பார்ச் சட்டிக்குப் போட்டேன். எல்லாமே இடது பக்கம். அடுப்பின் இடது பக்கச் சுவரெல்லாம் வெங்காயக் கறை.

ஒருநாள் கேப்டன் கடைக்கு வந்து, ஒரு யோசனை சொன்னான். நான் மேட்சு ஆட வேண்டாம், ஓரமாக நின்று காற்றைப் பார்த்து எழுத்தைச் சொன்னால் போதும், அதற்கென்று ஒரு பொறுப்பு. கல்லாவில் இருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமல், “அதுக்கு எதுக்குண்ணே ஒரு ஆளு? ஒரு கிழிஞ்ச துணியக் கட்டிவிட்டாப் போதுமே” என்றாள். கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துணியே மேல் என்று முடிவுசெய்ததுபோல் கிளம்பிப் போனான்.

ஆவணி பிறந்தது. காற்று அடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பாருக்குப் போட்ட வெங்காயம் அவள் காதோரம் போனது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். பரணிலிருந்து ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“பந்தயம் பந்தயந்தான். மேட்சு கிடையாது. ஆனா இத எறியறதுக்கு வூட்டுல எனக்கு எடமில்ல. அங்க போயி எறிஞ்சிட்டு வாங்க.”

“தனியாவா?”

“நானும் வரேன். முட்டிய யாரு பாக்குறது?”

மைதானத்தில் ஒருவரும் இல்லை. தொட்டியில் ‘குடிநீர்’ அப்படியே இருந்தது. இலைகூட அசையவில்லை. அவள் பலகையில்லாத தெற்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். நான் கோட்டுக்கு வெளியே என் இடத்தில் நின்றேன். ரிங்கைப் பார்த்தேன். கண் மெதுவாக நகர்ந்து ‘நீ’யில் போய் உட்கார்ந்தது. பிடித்து இழுத்துவந்து ரிங்கில் வைத்தேன். போட்டேன். இடது. ஓடிப் போய்ப் பந்தை எடுத்து வந்து மறுபடி போட்டேன். வலது. மறுபடி இடது. பந்துக்குப் பின்னால் ஓடி ஓடி மூச்சு வாங்கியது, முட்டி முனகியது, நிற்கத் தோன்றவில்லை.

“ஏங்க,” என்று குரல் கேட்டது. திரும்பினேன். அவள் போனை மடியில் வைத்துவிட்டு, என் கடைக் குரலிலேயே கேட்டாள். “இது தேவலையா, முன்ன இருந்தது தேவலையா?”

“ரெண்டும் மங்கலாத்தாங்க தெரியுது.”

“அப்ப மாத்திப் போட்டுப் பாருங்க, அவசரமில்ல.”

பந்தை நெற்றிக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

“அப்டியே நில்லுங்க” என்றாள். “காலு நின்னுருச்சு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். பார்த்த நேரத்தில் பந்து கையைவிட்டு நழுவி, மக்காச்சோளக் கொல்லைப் பக்கம் உருண்டு போனது. நான் அதன் பின்னால் ஓடினேன்.